ஸ்டார்லெட் டர்போவில் முன்பக்க இன்டர்கூலர்: குழாய் வேலை முடிந்தது

டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி ஒரு டர்போ வண்டி: புகை வாயுவால் சுழலும் டர்போ, காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அப்படி நெருக்கியதில் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இதில் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பானெட் திறப்பு வழியாக நுழையும் காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். வண்டி ஓடும்வரை பிரச்சினை இல்லை. லண்டன் நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இன்ஜினின் சூடு அத்தனையும் அதில் ஏறிவிடுகிறது. அப்புறம் மிதித்தால் வண்டி சோம்பலாகத்தான் எழும்புகிறது. அதனால்தான் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோகும் வேலையில் இறங்கினேன்.

1331 சிசி இன்ஜின், 135 குதிரைத்திறன். சின்ன டர்போ. 0.65 பார் அழுத்தத்துக்கு (சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் அதில் மூன்றில் இரண்டு பங்கு) காற்றை நெருக்கினால், 20 டிகிரியில் உள்ளே போன காற்று வெளியே வரும்போது ஏறக்குறைய 90 டிகிரி இருக்கும் என்பது என் கணக்கு. இன்டர்கூலர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த எண் போதும்.

எல்லோரும் முதலில் கேட்பது டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் குழாயின் அளவைத்தான். 63 மி.மீ. குழாய் மீட்டருக்கு 2.8 லிட்டர் காற்று பிடிக்கும், 51 மி.மீ. குழாய் 1.8 லிட்டர். மூன்று மீட்டர் ஓட்டத்துக்கு வித்தியாசம் மூன்று லிட்டர்தான். 3000 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) இல்லாமலேயே நொடிக்கு 33 லிட்டர் வரை இழுக்கும். ஆக, பெரிய குழாய் போட்டால் டர்போ தாமதமாகும் என்ற பயம் பெரிதுபடுத்தப்பட்டது. நான் 51 மி.மீ. எடுத்ததற்குக் காரணம் வேறு: இந்த வண்டியின் மூக்கில் இடம் கிடையாது. பெரிய குழாயைத் திணிக்க பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும். மோதினால் ஆளைக் காப்பாற்றும் சட்டம் அது. அதில் ரம்பம் வைக்க எனக்கு மனமில்லை. தடிமன் குறைந்த இன்டர்கூலர் வாங்கி, ஹாரனை மட்டும் ஓரமாக நகர்த்தினேன்.

உண்மையான வேலை இணைப்புகளில்தான் இருக்கிறது. 51 மி.மீ. குழாயின் உள் குறுக்குப் பரப்பு சுமார் 18 சதுர செ.மீ. 0.65 பார் அழுத்தத்தில், ஒவ்வொரு வளைவிலும் குழாயை, அதை இணைக்கும் சிலிகோன் ஹோஸிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய 12 கிலோ. மொழுக்கென்று வெட்டிய முனையில் எந்தக் கிளாம்பும் நெடுநாள் நிற்காது. அதனால் வெல்டரிடம் கொடுத்து ஒவ்வொரு முனையிலும் சுற்றிவர ஒரு மேடு எடுக்க வைத்தேன். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அதன் மேலேயே அல்ல. சாதாரணக் கிளிப்பில் உள்ள பள்ளங்கள் சிலிகோன் ஹோஸைக் கடித்துக் கிழிக்கும். அதனால் போல்ட்டால் இறுகும் பட்டையான டி-போல்ட் கிளாம்ப் போட்டேன். டர்போவை ஒட்டிய ஹோஸ் மட்டும் ஃபுளோரோசிலிகோன் உட்பூச்சு உள்ளது. அங்கே எண்ணெய்ப் படலம் எப்போதும் வரும், வெறும் சிலிகோன் அதில் ஊறி இளகிவிடும். மாட்டுமுன் குழாய்களின் உட்புறத்தையும் முனைகளையும் பிரேக் கிளீனரால் துடைத்தேன். வெல்டிங் துகள் ஒன்று இன்ஜினுக்குள் போனால்கூடக் கதை முடிந்தது.

அடுத்தது ஆட்டம். முடுக்கும்போது இன்ஜின் தன் மவுண்டுகளில் சாயும், இன்டர்கூலரோ வண்டியின் உடலோடு உறுதியாக நிற்கும். திராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வாய்) ஏறும் குழாயைச் சின்னப் பிராக்கெட் ஒன்றால் கியர்பாக்ஸோடு கட்டினேன், அது இன்ஜினோடு சேர்ந்து ஆடட்டும் என்று. வளைந்து கொடுக்கும் புடைத்த ஹோஸை இன்டர்கூலர் முனையில் வைத்தேன். பேட்டரித் தட்டுக்கும் குழாய்க்கும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது.

மிதியிலிருந்து காலை எடுக்கும்போது மிஞ்சும் அழுத்தத்தை விடுவிக்கும் பழைய பூஸ்ட் வால்வுக்கு ஒரு கிளைக்குழாய் வெல்ட் செய்து, காற்று மீண்டும் டர்போவின் வாய்க்கே போகும்படி விட்டேன். வெளியே திறந்துவிட்டால் வரும் சத்தம் எனக்கு வேண்டாம்.

கசிவுச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது, இந்த இன்ஜினில் குறிப்பாக. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மீட்டர் இதில் இல்லை. இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தைப் பார்த்தே கணினி பெட்ரோலைக் கணக்கிடுகிறது. ஆகவே சிறு கசிவு இருந்தாலும் கரும்புகையோ திணறலோ காட்டிக்கொடுக்காது. டர்போ மட்டும் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டித் தேயும். டர்போவின் வாயில் டயர் வால்வு பொருத்திய பிளாஸ்டிக் மூடியை இறுக்கி, இன்ஜினின் உள்வாயுவை வெளிவிடும் பிரீதர் குழாயை அடைத்து, கம்ப்ரஸரால் மெதுவாக 0.7 பார் ஏற்றினேன். சோப்புத் தண்ணீர் தெளித்தபோது இன்டர்கூலரின் வெளிவாயில் நுரை வந்தது. கிளாம்பை நகர்த்தி இறுக்கியதும் நின்றது. வண்டி நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் மறுபடி இறுக்கினேன், சிலிகோன் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

ஓட்டிப் பார்த்தேன். நெரிசலில் நின்று கிளம்பும்போது இருந்த அந்தச் சோர்வு போயிற்று, எனக்கு வேண்டியதே அதுதான். திராட்டில் பாடிக்கு முன்னுள்ள குழாயைக் கையால் தாராளமாகத் தொட முடிகிறது. கீழ் வேகத்தில் பூஸ்ட் ஏறும் இடம் மாறியதாகவே தெரியவில்லை. ரேடியேட்டர் சூடு வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் கோடையில் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும்.

பூஸ்டை உயர்த்தவில்லை. குளிர்ந்த காற்று கிடைத்ததும் பலர் உடனே அதைத்தான் செய்கிறார்கள். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கணினியில் உள்ள எரிபொருள் வரைபடத்தைத் தொடாமல் அழுத்தத்தைக் கூட்டினால், ஒரு வரம்புக்கு மேல் கணினியே பெட்ரோலை நிறுத்திவிடும். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்தாயிற்று. இனி இன்டர்கூலர் இருந்த இடத்தில், பானெட் திறப்புக்கு அடியில், மழைத் தண்ணீரை ஓரமாக வடிக்க ஒரு தட்டு மடிக்க வேண்டும். அலுமினியத் தகடு வாங்கி வைத்திருக்கிறேன்.