பகடைக்கு எப்போது வேலை?

நாகர்கோவிலில் நண்பர்களோடு, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நகர்த்தும் கதாபாத்திர விளையாட்டு ஆடும்போது புதியவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "கடலைத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே பகடையா?"

பகடை ஒன்றுதான். கணக்கு வேறு. ஆடி மாதம், குளச்சல் கரையிலிருந்து ஒருத்தி வள்ளத்தை அலை தாண்டிச் செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை நடத்துபவர் 15 என்று இலக்கு வைக்கிறார். இருபது முகப் பகடையில் 15 முதல் 20 வரை ஆறு எண்கள்; வாய்ப்பு 30 சதவீதம். அவள் மீனவர் வீட்டுப் பெண், கடல் திறனுக்கு 4 கூடுதல் என்றால் 11 விழுந்தாலே போதும், 50 சதவீதம். கூட ஒருவர் துடுப்புப் பிடித்தால், 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் இன்றைய விதிப்படி இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். 75 சதவீதம்! அவளுடைய வாழ்க்கையும் அருகில் நிற்கும் தோழமையும் எண்ணாக மாறும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும் விளையாட்டுகளின் குணம் வேறு. 36 சேர்க்கைகளில் 7 ஆறு முறை வரும், 12 ஒரே முறை. அதிசயம் அங்கே அரிது.

ஆனால் பூட்டாத கதவைத் திறக்கவெல்லாம் பகடை உருட்டச் சொல்லாதீர்கள். தோற்றாலும் கதை நகரும் என்றால் மட்டும் உருட்டுங்கள். வள்ளம் கவிழ்ந்தால் அவள் எந்தக் கரையில் ஒதுங்குவாள் என்பதை யோசித்துவிட்டு, பிறகு பகடையைக் கையில் கொடுங்கள்.