நலம் விசாரிப்பு அட்டை: தற்கொலைத் தடுப்புத் திட்ட வரைவில் பணியாற்றிய அனுபவம்

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால், தமிழகத்துக்கான தற்கொலைத் தடுப்புத் திட்டத்துக்கு ஒரு முன்வரைவு எழுதிய குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மனநல மருத்துவர்கள், செவிலியர்கள், வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அலுவலர், ஒரு தலைமையாசிரியர், ஒரு பத்திரிகையாளர் ஆகியோர் உடன் இருந்தார்கள். ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட தேசிய உத்தி, தற்கொலை இறப்பு விகிதத்தை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்திருந்தது. அதே 2022இல் தமிழகத்தில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

முதல் கூட்டம் முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே நடந்தது. இறப்பு நேர்ந்ததும் காவல் நிலையத்தில் எழுதப்படும் விசாரணைக் குறிப்பிலிருந்துதான் காரணம் என்ற ஒன்று புள்ளிவிவரத்துக்குப் போகிறது. ‘தீராத வயிற்று வலி’ என்ற சொற்றொடரைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவார்கள். மானத்துக்கு அஞ்சும் குடும்பமும், விசாரணையை விரைவில் முடித்து உடலை ஒப்படைக்க நினைக்கும் காவலரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் சொல் அது. அந்த வலிக்குப் பின்னால் கடனோ, குடியோ, அடியோ, மனச்சோர்வோ இருந்ததா என்பது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. உயிர் பிழைத்தவர்களைப் பற்றியோ மாநில அளவில் ஒரு பதிவேடுகூட எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மருத்துவமனை சார்ந்த பதிவேடு ஒன்றை வரைவின் தொடக்கத்திலேயே வைத்தோம்.

கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்வது பற்றிய பகுதியில் வேளாண் அலுவலர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினார்: விளைச்சல் குறைந்தால் அதுவே இன்னொரு துயரத்துக்கு வழியாகாதா? இலங்கை அதற்குப் பதிலாக இருந்தது. 1995 முதல் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த அந்நாட்டில் தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது. தடையால் நெல் விளைச்சல் வீழ்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிக்கொல்லியைப் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சிநேகா அமைப்பினர் சோதித்துப் பார்த்திருந்ததையும் எடுத்துக்காட்டினோம். அதன் பிறகு அந்தப் பகுதியை அவரே எழுதித் தந்தார். தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிடுவது என்று பத்திரிகைகளுக்கு வகுத்த நெறிமுறைகள் 2019இலேயே இந்தியப் பத்திரிகை மன்றத்தால் ஏற்கப்பட்டவை என்பதால் அதில் விவாதம் நீளவில்லை.

நான் விடாப்பிடியாக நின்றது ஒரே ஒரு வரிக்காகத்தான். ‘முயற்சிக்குப் பின் உயிர் பிழைத்தோருக்கு உரிய தொடர் கவனிப்பு உறுதி செய்யப்படும்’ என்று முதல் வரைவில் இருந்தது. யார், எந்த நாளில், எந்தத் தொலைபேசியிலிருந்து என்று அந்த வரி சொல்லவில்லை. ஓர் அரசு மருத்துவமனையில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டதைக் குழுவில் சொன்னேன். அவருடைய சீட்டில் பொது மருத்துவப் பிரிவுக்கு மறுபடி வர வேண்டிய தேதி மட்டும் இருந்தது. மனநலப் பிரிவுக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டில் இருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர், அன்று ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்த பக்கத்துத் தெருக்காரர். கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசிக்குப் போன நாளில் வீடு தேடிப் பார்த்துவிட்டு வந்து, “அக்கா, பொண்ணு தூங்கியே பத்து நாள் ஆச்சாம்” என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. இன்று அவர் நலமாக இருக்கிறார்.

என் பிடிவாதத்துக்கு ஆய்வின் துணையும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு, 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொண்டு விசாரித்த பிரிவில் தற்கொலை இறப்பு 0.2 விழுக்காடாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 2.2 விழுக்காடாகவும் இருந்தது. இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் மாவட்டத்துக்கு ஓரிரு சமூகப் பணியாளர்களை வைத்துக்கொண்டு யார் ஒன்பது முறை அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களை அனுப்பலாம் என்றார் ஒரு மருத்துவர். அவர்கள் அதே ஊர்க்காரர்கள். வாசலில் வந்து நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்றார் ஒரு செவிலியர். நெடுநேரம் பேசிய பின், யார் விசாரிக்க வேண்டும் என்பதை நோயாளியே வார்டில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

வழக்கு வரும் என்ற அச்சம் வார்டுகளில் இன்னும் போகவில்லை. “தெரியாமல் குடித்துவிட்டாள்” என்று தாய்மார்கள் சொல்வது பெரும்பாலும் அதனால்தான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் அதைச் செய்ததாகவே கருத வேண்டும், பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் சொல்கிறது. வார்டுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதை வாய்மொழியாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தோம்.

வரைவை அனுப்புவதற்கு முன், தொடர் விசாரிப்புக்காக நோயாளியிடம் தரும் படிவத்தை ஒரு வார்டில் பயன்படுத்திப் பார்த்தோம். தலைப்பில் இருந்த ‘தற்கொலை முயற்சி’ என்ற சொற்களைப் பார்த்த செவிலியர், மடித்தாலும் வெளியே தெரிகிறதே என்றார். ‘நலம் விசாரிப்பு அட்டை’ என்று மாற்றி, பின்புறம் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐயும் சுகாதார உதவி எண் 104ஐயும் அச்சிட்டோம். முன்புறம் இரண்டு கட்டங்கள் கூடின: எந்த எண்ணில் அழைக்கலாம், எந்த நேரத்தில் அழைக்கலாம். முதல் அட்டையை வாங்கிய பெண் கணவரின் எண்ணைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, “எங்க அம்மா நம்பரை எழுதுங்க சிஸ்டர், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல” என்றார்.