மாடிப் புல்லுக்கு ஒரு காலை

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாடியில் விரித்திருக்கும் செயற்கைப் புல்லைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று இன்று ஆறு மணிக்கே ஏறிவிட்டேன். கும்பகோணத்து வெயில் ஏறிவிட்டால் அதில் வெறுங்கால் வைக்க முடியாது. பிளாஸ்டிக் இழை அப்படிச் சுடும்.

வேப்பஞ்சருகையும் புழுதியையும் முதலில் கூட்டினேன். இழை படுத்திருக்கும் பக்கத்துக்கு எதிராகத் தள்ளினால் நிமிர்ந்துகொள்ளும். கம்பி பிரஷ் மட்டும் கூடாது, பிய்ந்துவிடும். நாய்க்குட்டி ஒன்றுக்குப் போன இடத்தில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, சற்று ஊறவிட்டுக் கழுவியதும் வாடை போய்விட்டது.

ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மனசு கனத்தது. அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்து, தளம் முழுக்கப் பாசி. போன அடைமழையில் தேங்கிய தண்ணீர்தான் காரணம். மொத்தத்தையும் சுருட்டி வைத்துவிட்டுத் தளத்தைத் தேய்த்துக் காயவிட்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் சுருட்டிப் பார்த்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று. கார்த்திகைக்கு அகல் விளக்கை அதன்மேல் வைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு உருகிக் கட்டியாகிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை.