அடுத்த ஸ்லைடு

ஜூலை 10, புதன்

ஆராதனைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு மாலை கல்லூரி ஜெபக்கூடமான சாப்பலுக்குப் போனேன். கீபோர்டுக்கு மட்டும் என்னையும் சேர்த்து ஆறு பேர். பேஸ் கிட்டாருக்கு ஒருவர்கூட இல்லை. என் முறை வந்ததும் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒரே பாட்டில் இறக்கினேன். நீளமான முன்னிசை, வரிக்கு வரி ஓட்டம், கடைசிச் சரணத்தில் ஸ்கேல் (சுருதி) மாற்றம். பாட்டை நடத்தும் மூன்றாம் ஆண்டு அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நல்லா வாசிக்கிற தம்பி. ஆனா இதுல நான் எங்க பாட ஆரம்பிக்கணும்?" என்றார். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று இன்னும் பிடிபடவில்லை.

ராத்திரி வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேரே "ஸ்லைடு".

அதாவது, பாட்டு வரிகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் வேலை. எட்டு வருஷம் கீபோர்டு படித்தவனுக்கு லேப்டாப்பில் ஸ்பேஸ் பார். "அதுவும் கீபோர்டுதானே" என்று சொல்லிவிட்டு அறைத்தோழன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜூலை 12, வெள்ளி

போன வருஷம் ஸ்லைடு பார்த்த அண்ணன் ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். திறந்தால் பாதிக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரியெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. ஸ்தோத்திரம் என்ற சொல் ஏதோ கடவுச்சொல் மாதிரி நிற்கிறது. இனி எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றை முழுசாக நம்ப முடியாது. கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. அதனால் பாதியைக் கையாலேயே அடித்தேன்.

அடிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. வரியை எங்கே மடிப்பது என்பது லேசுப்பட்ட கேள்வி இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "இருளில் நடந்த என்னை வெளிச்சத்துக்கு" என்று ஒரு ஸ்லைடு முடிந்து, "அழைத்தவரே" அடுத்த ஸ்லைடில் இருந்தால், பாடுகிறவன் அந்தரத்தில் தொங்குவான். பழைய ஸ்லைடுகளில் திரையின் அகலம் எங்கே தீர்ந்ததோ அங்கே மடித்திருக்கிறார்கள். மூச்சு எங்கே தீருமோ அங்கேதான் மடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பாட்டையும் முணுமுணுத்துப் பார்த்தேன். பதினொரு பாட்டு முடிந்தபோது மணி ஒன்றரை. அறைத்தோழன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தான்.

ஜூலை 17, புதன்

முதல் ஆராதனை. அதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் நாட்குறிப்பு எழுதி என்ன பயன்?

முதல் பாட்டு முழுக்க ஒரு தட்டு பின்னால்தான் இருந்தேன். வரி பாடி முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தள்ளினேன். அதற்குள் அக்கா அடுத்த வரியின் இரண்டாவது சொல்லில் இருந்தார். சபையில் பாதிப் பேர் வாயைத் திறந்து திரைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் பாட்டில் உஷாராகி முன்கூட்டியே தள்ளினேன். பாடிக்கொண்டிருந்த வரியே காணாமல் போனது.

மூன்றாம் பாட்டில் தாளம் சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்து, "உம் கரம் விலகாது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "உம் காரம் விலகாது" என்று திரை முழுக்க நின்றது. ஒரே ஒரு துணைக்கால். அதைப் பார்த்து அப்படியே பாடியவர்களும் உண்டு, அதுதான் கொடுமை. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார்கள். டிரம்ஸ் அண்ணன் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஜூலை 19, வெள்ளி

பயிற்சியில் ஒருவரும் திட்டவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. அக்கா மட்டும், "என் வாயைப் பார்க்காதே தம்பி, தோளைப் பார்" என்றார்.

மேடையில் இருப்பவர்களுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுகிறார். சுட்டுவிரலைச் சுழற்றினால் பல்லவி மறுபடியும். முஷ்டி பிடித்தால் முடிவு. ஒன்று, நான்கு, ஐந்து என்று விரல் விரித்தால் அந்த எண்ணுக்குரிய கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. டி ஸ்கேலில் ஒன்று என்றால் டி, நான்கு என்றால் ஜி, ஐந்து என்றால் ஏ. ஸ்கேல் மாறினாலும் எண் மாறாது. 1950களின் கடைசியில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் நீல் மேத்யூஸ் என்ற பாடகர் இப்படி எண்ணால் குறித்துக்கொள்ளத் தொடங்க, அது அங்கிருந்து எங்கும் பரவியது என்று கிட்டார் அண்ணன் சொன்னார். எல்லாம் நல்லதுதான். நான் உட்கார்ந்திருப்பது கூடத்தின் கடைசியில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பக்கத்தில். எனக்கு அவருடைய முதுகு தெரியாது, முகம்தான் தெரியும்.

அதனால் தோள். பாட்டுக்கு மூச்சு இழுக்கும்போது தோள் ஒரு இழை உயர்கிறது. அது உயரும் முன்பே புது வரி திரையில் இருக்க வேண்டும். வரியின் கடைசிச் சொல் வாயில் நுழையும்போதே தள்ள வேண்டும், முடியும் வரை காத்திருக்கக் கூடாது. கண் எப்போதும் குரலுக்கு முன்னால் ஓடுகிறது. கடைசிச் சொல்லை வாய் பாடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு அந்த வரியில் வேலை முடிந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

ஒரு பிழைகூட இல்லை. யாரும் என்னைக் கவனிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று பயிற்சி இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. மீதி நேரமெல்லாம் ஸ்கேல் சண்டை.

அக்காவின் குரல் ஆறு கட்டை. அதாவது ஏ. புதுப் பாட்டை அதிலேயே பாடலாம் என்றார். அவர் பாடினால் உண்மையிலேயே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் உச்சி, ஸ்கேலின் மேல் ஆறாவது சுரம். ஏ-யில் அது எஃப் ஷார்ப்பில் போய் உட்காரும். பயிற்சி இல்லாத குரல் அங்கே ஏறாது. ஏறினாலும் கத்தலாகத்தான் வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், முதலாண்டுப் பையன். ஆனால் கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து எல்லா முகத்தையும் பார்ப்பவன் நான் ஒருவன்தான். "அக்கா, மேலே போற இடத்துல யாருமே பாடுறதில்ல. வாயை மூடிக்கிட்டு உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டோம். நடுத்தர சி-க்குக் கீழே இருக்கும் ஏ-யிலிருந்து மேலே டி வரை என்றால் பெரும்பாலானவர்கள் சிரமமில்லாமல் பாடுவார்கள். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். பாட்டை எஃப்-க்கு இறக்கினால், கீழ்ச் சுரம் ஏ, உச்சி டி. அளந்து வைத்த மாதிரி பொருந்தியது. கிட்டார் அண்ணன் முகம் சுளித்தார், எஃப்-இல் ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கார்டாகப் பிடித்துப் பிடித்து விரல் கழன்றுவிடும் என்று. மூன்றாம் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி வடிவத்திலேயே வாசித்தால் போதும் என்றதும் சமாதானமானார். எஃப், அதாவது நான்கு கட்டை என்றால் அக்காவுக்குச் சரணம் ரொம்பத் தணிவு. அவர் குரல் மின்னாது. அவருக்கும் அது தெரியும். "சரி, நாலு கட்டை" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்குமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

எஃப்-இல் பாடினோம். உச்சி வரி வந்தபோது கூடத்தின் சத்தம் மேடையின் சத்தத்தை மூடியது. மிக்சர் பார்க்கும் அண்ணன் அக்காவின் மைக்கை மெல்லக் கீழே இறக்கினார். வேண்டுமென்றே. நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கீபோர்டு அண்ணனுக்கு ஒரு மாதம் இன்டர்ன்ஷிப். வரும் புதன் முதல் நான் வாசிக்க வேண்டும். துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் ஆராதனைக்குப் பொருந்தாது, ஆனால் குதித்தேன்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சரணத்தில் வலது கையில் மெட்டை வாசிக்கக் கூடாது. "மெட்டு அவங்க வாயில இருக்கு. நீ கீழே தரை மட்டும் போடு" என்றார்.

ஆகஸ்ட் 21, புதன்

என்னால் எஃப்-இல் சரளமாக வாசிக்க முடியாது. அதனால், வாசிப்பதை வேறு ஸ்கேலில் ஒலிக்கவைக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைக் கூட்டல் மூன்றில் வைத்து, டி வடிவத்தில் முதல் பாட்டை முடித்தேன். அருமையாகப் போனது. சாப்ளின் ஐயா, அதாவது கல்லூரிப் போதகர், சின்னதாக ஜெபித்தார். இரண்டாம் பாட்டு உண்மையான டி. கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக, இரண்டு கையாலும் கார்டை அழுத்தினேன்.

கூட்டல் மூன்று அப்படியே இருந்தது.

கிட்டார் டி மேஜர், நான் எஃப் மேஜர். எஃப் ஷார்ப்பும் எஃப்பும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. இரண்டு பஸ்கள் ஒரே சந்துக்குள் எதிரெதிரே நுழைந்த மாதிரி. அக்காவின் தோள் மூச்சுக்காக உயர்ந்தது, அப்படியே நின்றது. மேடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரம்ஸ் அண்ணன் மட்டும் ஹை-ஹாட்டைத் தொடர்ந்து தட்டினார், எதுவுமே நடக்காத மாதிரி. நான் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். பட்டனை மூன்று முறை அழுத்தினேன். சரணம் முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லவியில்தான் திரும்ப நுழைந்தேன்.

முடிந்த பிறகு ஒரு பேராசிரியர் என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர், "அந்தச் சரணத்துல கீபோர்டை நிறுத்தினீங்களே, ரொம்ப நல்ல யோசனை" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 28, புதன்

வேகமான பாட்டு. ஆரம்பித்த வேகம் ஒன்று, முடித்த வேகம் இன்னொன்று. இழுத்து இழுத்து, கடைசியில் மாட்டுவண்டி. குற்றவாளி யார் என்று எல்லாரும் டிரம்ஸ் அண்ணனைப் பார்த்தார்கள்.

அவர் இயற்பியல் மாணவர். கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கூடத்தின் நீளம் முப்பது மீட்டர் என்றால், நம் சத்தம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட 0.09 நொடி. அவர்கள் அதைக் கேட்டுத் தட்டும் கை நம்மிடம் திரும்பி வர இன்னொரு 0.09. நம் காதுக்கு அவர்கள் எப்போதும் பிந்தித்தான் தட்டுவார்கள். அதைக் கேட்டு நாம் காத்திருந்தால், நம்மைக் கேட்டு அவர்கள் இன்னும் காத்திருப்பார்கள். "நான் அவங்களுக்காக நின்னேன், அவங்க எனக்காக நின்னாங்க. அவ்வளவுதான் விஷயம்" என்றார். தப்பை ஒத்துக்கொள்வதற்கு இவ்வளவு கௌரவமான வழி நான் கண்டதில்லை. அடுத்த வாரம் முதல் அவர் ஒரு காதில் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் மாட்டிக்கொள்வார்.

செப்டம்பர் 6, வெள்ளி

பயிற்சிக்கு முன் சாப்ளின் ஐயாவிடம், பைபிளின் சங்கீதங்களில் நடுநடுவே அடைப்புக்குறிக்குள் வரும் "சேலா" என்றால் என்ன என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே அதைத் தாண்டித்தான் வாசித்திருக்கிறேன். சங்கீதப் புத்தகத்தில் 71 இடத்தில் வருகிறது, ஆபகூக் புத்தகத்தில் 3 இடத்தில், பொருள் உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். பாடுகிறவர்கள் நிறுத்த, வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடமாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்தாம். "அப்ப அது எனக்கான குறிப்பு ஐயா" என்றேன். "இல்ல தம்பி, எல்லாரும் நிறுத்துற இடம்னு சொல்றவங்களும் இருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார். ஆகஸ்ட் 21 கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

ஸ்லைடுக்குப் புதுப் பையன், என் வகுப்புதான். அவன் கேட்டது கிட்டார். கிடைத்தது ஸ்பேஸ் பார். கூடத்தின் கடைசியில் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஜூலை மாதம் ஞாபகம் வந்தது.

இரண்டாம் பாட்டில், எதிர்பார்த்த மாதிரியே, மாட்டிக்கொண்டான். பல்லவி முடிந்து மூன்றாம் சரணம் வர வேண்டும், திரையில் முதல் சரணமே நிற்கிறது. அவன் தலை லேப்டாப்புக்குள் புதைந்திருந்தது. அக்கா திரையைப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காட்டினார். காத்திரு. நான் நான்காவது கார்டைப் பிடித்தேன். ஓட்டம் எதுவும் போடவில்லை, விரல் அரித்தது, போடவில்லை. டிரம்ஸ் அண்ணன் சிம்பலை மெல்ல உருட்டினார். எட்டுத் தட்டு போனது. சபையில் யாரோ கண்ணை மூடினார்கள். திரை மாறியது. அக்காவின் தோள் உயர்ந்தது.

முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "அந்த இடம் நல்லா இருந்துச்சுடா, முன்னாடியே பேசி வச்சதா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி என்னுடைய கோப்புகள் எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்ப எடுத்து வைத்தேன். அனுப்பும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று "காரம்" என்று அடித்துத் தேடிப் பார்த்தேன். இன்னும் ஒன்று இருந்தது.