ஆன்ட்டிக்கு ஒரு பிரிவு உபசாரம்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் பூர்வகுடி ஓவியர்களுக்காக நடக்கும் லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இயக்குநர் போன வெள்ளிக்கிழமையோடு பொறுப்பை விட்டுவிட்டார். அவரும் பூர்வகுடிப் பெண்தான். பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஆன்ட்டி’. எனக்கும்தான்.

புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் அவர் முதலில் சொல்வது இரண்டு தொகைகள். பூர்வகுடி ஓவியர் க்ளிஃபர்ட் பாசம் ஜபால்ஜாரி வரைந்த ‘வார்லுகுலோங்’ 1977-இல் 1,200 டாலருக்குப் போனது. அதே ஓவியம் 2007-இல் ஏலத்தில் 24 லட்சம் டாலர். ஓவியர் 2002-இலேயே இறந்துவிட்டார். அந்த ஏலத்தில் குடும்பத்துக்குப் பங்கு கேட்க அன்றைக்குச் சட்டமே கிடையாது. 2010 ஜூனில்தான் மறுவிற்பனை உரிமைத்தொகை நடைமுறைக்கு வந்தது. 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம். அவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகளுக்கு வாரிசுகளுக்கு. “அந்த அஞ்சு சதவீதம் உரியவங்க கைக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கத்தான் நாம இங்க உட்கார்ந்திருக்கோம்” என்பார்.

போய்ச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. ஓவியர் ஒருவர் இறந்தால், பல சமூகங்களில் அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. குடும்பம் சொல்லும்வரை அப்படித்தான். செய்தி வந்த அன்றே ஆன்ட்டி சுவரில் இருக்கும் புகைப்படத்தைத் தன் கையால் கழற்றுவார். இணையதளத்திலும் பெயர் போய்விடும். ஆனால் கணக்கில் பெயர் இல்லாமல் பணம் அனுப்ப முடியாதே? அவர் சொல்லித்தான் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு எண் வைத்தேன். வீட்டுக்குப் போகும் தாளில் எண் மட்டும் அச்சாகும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் ஒரு தாளைப் பிரித்ததும் அந்தப் பெயர் கண்ணில் படக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. அந்தத் தாளையும் தபாலில் போட விடமாட்டார். மழை ஓய்ந்து சாலை திறந்திருக்கும் மாதங்களில் தானே வண்டி எடுத்துப் போய், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிட்டு வருவார். நிர்வாகம் என்றால் இதுதான் என்று நான் நம்புகிறேன். வேறெங்கும் இப்படி ஒருவரிடம் நான் வேலை பார்த்ததில்லை.

மழைக்காலம் ஆனதால் பிரிவு உபசாரத்துக்கு வாரிய உறுப்பினர்கள் சின்ன விமானத்தில் வந்து இறங்கினார்கள். பேச்சு அதிகம் இல்லை. டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் ஆர்னம் லேண்டிலிருந்து வந்த மூன்று பெண்கள் தாழை இனத்து ஓலையில் முடைந்த கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். வேர்களை வேகவைத்து எடுத்த சாயத்தில் மஞ்சளும் அரக்குச் சிவப்பும். ஆன்ட்டி கூடையைக் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்த்தார். நடுவில் முடைச்சல் இறுக்கம், விளிம்புக்கு வர வர இளகல். “ஆரம்பிச்சது நீ, முடிச்சது இவ” என்று சரியாகக் கை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதுக்குப் பணம் கொடுத்தாச்சா?” என்று கேட்டார். வாரியத் தலைவி குறுக்கே வந்து, “இது விற்பனைக்கு இல்ல, உன் கணக்குப் புத்தகத்துல இதுக்கு நம்பரும் இல்ல” என்றார். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. எங்களுக்கும்தான்.

எந்தக் குடும்பத்தில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி நான் கேட்டிருந்தேன். அவர் மறுத்துவிட்டார். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தந்தக் குடும்பத்தார், நேரில் போனால் அவர்களே சொல்வார்கள் என்றார். முதலில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். யோசித்துப் பார்த்தால், பட்டியல் கையில் இருந்தால் நாங்கள் போகாமலே இருந்துவிடுவோம்.

புதிய இயக்குநர் அவரிடமே பயின்று வளர்ந்த பெண். இனி உரிமைத்தொகை கொடுக்கப் போகும்போது கணக்குப் பிரிவிலிருந்தும் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது ஆன்ட்டி வாரியத்தில் கடைசியாக நிறைவேற்றிய தீர்மானம். மே மாதம் சாலை திறந்ததும் நானும் புறப்படுகிறேன்.