மூக்கை நம்பியிருந்தேன்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் என் பக்கத்தில் நின்று கர்ப்பப்பை வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். மூடி கழன்றதுதான் தாமதம், இரண்டு கண்ணிலும் தண்ணீர். துடைக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன், கையுறையிலும் ஃபார்மலின் இருந்தது, சதை அழுகாமல் ஊறவைக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா அக்கா?"

ஒன்றும் பண்ணவில்லை. எனக்கு வாசனையே வரவில்லை.

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 17 வருஷமாக இருக்கிறேன். அறுவை அரங்கிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டும் ஃபார்மலினில் ஊறித்தான் வரும். டாக்டர் வெட்டி அளவு சொல்ல, நான் குறித்துக்கொண்டு கேசட் என்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடுவேன். ஆரம்பத்தில் நானும் அழுதவள்தான். அப்புறம் பழகிவிட்டது. அதை அனுபவம் என்று பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பழகியது என் மூக்கு மட்டும்தான், காற்றிலிருந்த ஃபார்மால்டிஹைடு அப்படியேதான் இருந்தது.

அது முதலில் போய் மோதுவதும் மூக்கில்தான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. அப்போது சொன்ன காரணம், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்று. 2009-ல் ரத்தப் புற்றையும் சேர்த்தார்கள். பிரிவு சொல்வது சான்றின் உறுதியைத்தான். எனக்கு வருமா என்பது, எவ்வளவு சுவாசித்தேன், எத்தனை வருஷம் சுவாசித்தேன் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்குச் சராசரி 0.75 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.75 பங்கு, என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் எவ்வளவு என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

ஃபார்மலினாவது முதல் நாளில் எச்சரிக்கும். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் எத்திலீன் ஆக்சைடு வாயு அதுகூடச் செய்யாது. அதுவும் முதல் பிரிவுதான். அமெரிக்க வரம்பு 1 பிபிஎம், மூக்குக்கு எட்டவோ சில நூறு பிபிஎம் ஆக வேண்டும். லேசாக இனிப்பாக வாசனை வருகிறதே என்று யாராவது சொன்னால், வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயாகிவிட்டது என்று அர்த்தம். கீமோ வார்டில் வேலை பார்க்கும் என் தோழி கையாள்வது சைக்ளோபாஸ்பமைடு. நோயாளிக்குப் புற்றுக்கான மருந்து, பட்டியலில் அதே முதல் பிரிவு. புட்டியிலிருந்து ஊசியை உருவும்போது உள்ளழுத்தத்தில் தெறிக்கும் நுண்துளி கண்ணுக்கும் தெரியாது. இப்படிப்பட்ட மருந்துகளைக் கையாண்ட செவிலியரின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் தன்மை இருந்ததைப் பின்லாந்தில் 1979-லேயே கண்டு எழுதிவிட்டார்கள்.

சரி, என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் காற்றைக் கீழே இழுக்கும் விசிறி உண்டு. அது போடும் இரைச்சலில் டாக்டர் சொல்லும் அளவு காதில் விழாது. அதனால் அணைத்துவைப்பேன். நான்தான், வேறு யாரும் இல்லை. மூக்கில் சாதாரண அறுவை முகக்கவசம் இருக்கிறதே என்று ஒரு தைரியம். அது துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

அன்றே விசிறியைப் போட்டேன். காலரில் குத்திக்கொள்ளும் அளவீட்டு பேட்ஜ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் கத்தித்தான் அளவு சொல்கிறார். "ஏழா, எட்டா?" என்று நானும் திருப்பிக் கத்துகிறேன்.