பீட்டிலின் மூச்சு

அப்பாவின் பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் பின்பக்கம் இருக்கும் 1200 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு 1600 சிசி எஞ்சினை ஏற்றி மூன்று வாரம் ஆகிறது. காலையில் வேலூர் சத்துவாச்சாரியில் கிளம்பினால் அருமையாக இழுக்கும். வெயில் ஏறிவிட்டால் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் இழுவை போய், காட்பாடியில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

"கார்பரேட்டர்தான் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். அதில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி ஊதினோம். தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ., வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ., தீப்பொறி டைமிங், ஃபேன் பெல்ட் எல்லாம் சரி.

அப்புறம்தான் எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தைப் பார்த்தேன். ஓரத்து ரப்பர் பட்டையே இல்லை! இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியாக வரும் காற்றை ஃபேன் இழுத்து சிலிண்டர்கள் மேல் தள்ளும்; சூடான காற்று கீழே போய்விடும். மேலே உள்ள காற்றும் கீழே போன அனலும் கலக்காமல் தடுப்பது அந்தத் தகரமும் ரப்பரும்தான். ரப்பர் இல்லாததால், தான் வெளியேற்றிய அனலையே எஞ்சின் திரும்ப இழுத்திருக்கிறது. வேலூர் வெயிலில் பாவம், என்ன செய்யும்? பழைய மாடல்களில் எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் மறைப்பதால் மூன்றாவது சிலிண்டருக்கு ஏற்கெனவே காற்று குறைவு. எஞ்சின் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள்.

நேற்று மதியம் புது ரப்பர் போட்டு, அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் காட்பாடி போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை. அப்பா வழிநெடுக எதுவும் பேசாமல் பின்னால் வரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.